ஆய்கருவியை ஆய்தல்: நுண்கட்டுப்படுத்தி வழுநீக்கத்தின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

கணனியின் வரலாற்றை எழுதப்புகுவோர் பெரும்பாலும் அதன் வேகத்தையும் பருமனையுமே அளவுகோலாகக் கொள்வர். ஓர் அறை முழுவதையும் அடைத்து நின்ற பொறி விரல்நுனி அளவுக்குச் சுருங்கிய கதை பலராலும் பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. ஆயின் அப்பொறி பிழைத்தபோது அதனுள்ளே நிகழ்வதை மனிதன் எவ்வாறு கண்டறிந்தான் என்னும் வினா அத்துணைக் கவனத்தைப் பெற்றதில்லை. பொறி சிறுக்கச் சிறுக்க அதனுட் புகுந்து பார்த்தலும் அரிதாயிற்று. பார்ப்பதற்கென ஒரு கருவி வேண்டியதாயிற்று. அக்கருவியும் காலப்போக்கில் ஒரு கணனியாகவே மாறிற்று. கணனியாக மாறியதும் அதற்கும் வழுக்கள் வந்தன. அதற்கும் உடைமையாளர் வந்தனர். வழுவைத் தேடிச் செல்பவன் முதலில் தன் கைக்கருவியையே ஐயுறவேண்டிய நிலை எவ்வாறு உருவாயிற்று என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

செயலி, நினைவகம், புறவுலகோடு தொடர்புகொள்ளும் வாயில்கள் ஆகிய மூன்றையும் ஒரே சில்லில் அடக்கியதே நுண்கட்டுப்படுத்தி எனப்படும். சலவைப் பொறியிலும், மோட்டார் வாகனத்தின் எரிபொருட் கட்டுப்பாட்டிலும், வைத்தியசாலைகளில் மருந்தேற்றும் பம்பியிலும் அது ஓயாது இயங்கிக்கொண்டிருக்கிறது. அதற்குத் திரையில்லை; விசைப்பலகையும் இல்லை. அதன் நிரல் பிழைக்குமாயின் அப்பிழையை எடுத்துரைக்க அதற்கு வாயில்லை, வாளா நின்றுவிடும். ஆகவே வெளியிலிருந்து சில கம்பிகளால் அதனோடு இணைந்து, அதனை இடைநிறுத்தி, ஒவ்வொரு கட்டளையாக நடத்தி, அதன் நினைவகத்தை வாசித்துக் காட்டுவதற்கு ஒரு சிறு கருவி பயன்படுத்தப்படுகின்றது. அதனை இங்கு ஆய்கருவி எனச் சுருங்கக் குறிப்பிடுவோம். அதன் ஒருமுனை இலக்குச் சில்லோடும் மறுமுனை யூ.எஸ்.பி. வடத்தின்வழிக் கணனியோடும் பிணைந்திருக்கும். ஆய்கருவியினுள்ளே தனியான ஒரு நுண்கட்டுப்படுத்தி உண்டு. அதிலே பதிந்திருக்கும் நிரலே நிலைபொருள். கணனியிலே அக்கருவியை இனங்கண்டு அதனோடு பேசும் நிரல் இயக்கி. எனவே பயனாளிக்கும் அவன் ஆராயும் சில்லுக்கும் இடையே கணனியின் வழுநீக்கு நிரல், இயக்கி, ஆய்கருவியின் நிலைபொருள், இலக்குச் சில்லின் உள்ளமைந்த வழுநீக்கச் சுற்று என நான்கு அடுக்குகள் உள்ளன. நான்கும் பெரும்பாலும் நால்வேறு கைகளால் ஆக்கப்பட்டவை. 'தொடர்பு கிட்டவில்லை' என்று திரையில் தோன்றும் ஒரு வரி இந்நான்கில் எதைச் சுட்டுகிறது என்பதை அவ்வரி சொல்வதில்லை.

வழு என்னும் சொல் பற்றி ஈண்டு ஒரு வார்த்தை சொல்லுதல் பொருந்தும். 1947 செப்ரெம்பர் 9 ஆம் திகதி ஹாவட் பல்கலைக்கழகத்தின் மார்க் 2 பொறியின் மின்காந்த ஆளியொன்றில் சிக்கியிருந்த அந்துப்பூச்சியைப் பதிவேட்டில் ஒட்டிவைத்த கதை யாவரும் அறிந்தது. ஆங்கிலத்திலே பூச்சியைக் குறிக்கும் சொல் பொறியின் குறைக்கும் பெயரானது அன்றுதான் என்பர் சிலர். அது பொருந்தாது; எடிசன் 1878 ஆம் ஆண்டிலேயே அச்சொல்லை அப்பொருளில் எழுதியுள்ளார். தமிழிலே அதற்கு வழங்கும் வழு என்பதோ இலக்கணத்திலிருந்து வந்தது. நம் இலக்கணகாரர் வழாநிலை, வழு என்னும் இரண்டோடு அமையாது வழுவமைதி என மூன்றாவதொன்றையும் கண்டனர். முறைப்படி வழுவாயினும் யாதேனும் காரணம்பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது அது. சில்லு ஆக்கும் நிறுவனங்கள் தத்தம் சில்லுகளின் அறியப்பட்ட குறைகளைப் பட்டியலிட்டு வெளியிடும் ஏடுகளை நோக்குவோர்க்கு இம்மூன்றாம் வகையின் அருமை புலனாகும். அவற்றிலே பல குறைகள் திருத்தப்படுவதில்லை. அவற்றைத் தவிர்த்து நிரல் எழுதும் வழி மட்டுமே தரப்படுகின்றது. ஆங்கிலத்தில் இதற்கு இத்துணைப் பொருத்தமான ஒரு சொல் உண்டோ என்பது ஐயமே.

வரலாற்றின் தொடக்கத்தில் ஆய்கருவி என ஒன்று இருக்கவில்லை. மனிதக் கண்ணே ஆய்கருவி. கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணித ஆய்கூடத்தில் மொறிஸ் வில்க்ஸ் தலைமையில் அமைக்கப்பட்ட எட்சாக் கணனி 1949 மே 6 ஆம் திகதி தன் முதல் நிரலை இயக்கிற்று. ஏறத்தாழ 3000 வால்வுகளைக் கொண்ட அப்பொறியின் நினைவகத்தில் இருப்பதைக் கதோட்டுக் கதிர்க் குழாய்களில் புள்ளிகளாகக் காணலாம். நிரல் பிழைத்தால் எழுதியவர் பொறியின் முன் அமர்ந்து, ஒவ்வொரு கட்டளையாக அதனை நடத்தி, குழாயிலே புள்ளிகள் மாறுவதை உற்று நோக்குவார். எட்டிப் பார்த்தல் என்று பொருள்படும் சொல்லால் அவர்கள் இதனைக் குறித்தனர். அவ்வாண்டிலேயே வில்க்ஸ் சமன்பாடொன்றின் தீர்வுக்காக எழுதிய நிரல் 126 வரிகளே கொண்டது. அதிலே இருபதளவான வழுக்கள் இருந்தன. தம் எஞ்சிய வாழ்நாளின் பெரும்பகுதி தம்முடைய நிரல்களின் வழுக்களைத் தேடுவதிலேயே கழியப்போகிறது என்பது படிக்கட்டில் நின்றபோது தமக்குத் திடீரெனப் புலப்பட்டது என்ற கருத்துப்பட, 1985 ஆம் ஆண்டு வெளிவந்த தம் நினைவுக்குறிப்பில் அவர் எழுதியுள்ளார்.

எட்டிப் பார்த்தல் நெடுங்காலம் நிலைக்கவில்லை. பொறி ஒன்றே, பயன்படுத்த விரும்பியோர் பலர். ஒருவர் மெல்ல மெல்லப் பார்த்துக்கொண்டிருக்கையில் ஏனையோரின் வேலை தடைப்பட்டது. எனவே பார்க்கும் தொழிலையும் பொறியிடமே ஒப்படைக்கும் வழி தேடப்பட்டது. ஸ்ரான்லி கில் என்னும் ஆய்வாளர், எட்சாக்கின் நிரல்களில் நேரும் தவறுகளைக் கண்டறிதல் பற்றி 1951 ஆம் ஆண்டு றோயல் கழகத்தின் வெளியீட்டில் எழுதிய கட்டுரை இத்துறையின் முதல் நூல்களுள் வைத்து எண்ணத்தக்கது. ஐயத்துக்குரிய நிரலை நேரே இயக்காது, வேறொரு நிரல் அதனை வரிவரியாக வாசித்து, தானே நிறைவேற்றி, நிறைவேற்றியவற்றை அச்சிட்டுச் செல்லும் முறையை அவர் விளக்கினார். நின்றுபோன நிரலின் நினைவகத்தை அச்சிட்டுத் தரும் நிரல்களும் அங்கு வழக்கிலிருந்தன. அவற்றுக்குப் பிரேத பரிசோதனை என்றே பெயர். இங்கு நோக்கற்பாலது யாதெனில், சோதிக்கும் நிரலும் சோதிக்கப்படும் நிரலும் ஒரே பொறியில், ஒரே கூடத்தாரால் எழுதப்பட்டு, ஒரே நினைவகத்தில் அருகருகே இருந்தன. சோதிக்கும் நிரலையே ஐயுற்றவர் அதனையும் எடுத்து வாசித்துப் பார்க்கலாம். அதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

1971 ஆம் ஆண்டு இன்ரெல் நிறுவனத்தின் 4004 நுண்செயலி விற்பனைக்கு வந்தபின் இந்நிலை மாறிற்று. நிரல் எழுதுவது ஒரு கணனியில், அது இயங்குவது வேறொரு சில்லில் என்னும் பிரிவு அப்போது தோன்றியது. அதே ஆண்டில் அறிமுகமான அழித்தெழுதக்கூடிய நினைவகச் சில்லே அக்கால நிரலாளரின் கருவி. நிரலை அதிற் பதிப்பர்; பலகையிற் பொருத்துவர்; இயங்காவிடிற் கழற்றி, அதன் முதுகிலுள்ள குவாற்ஸ் சாளரத்தினூடே கழியூதாக் கதிரைப் பாய்ச்சுவர். அழிவதற்குப் பத்து முதல் இருபது நிமிடம் செல்லும். அதன்பின் திருத்திய நிரலைப் பதித்து மீண்டும் முயல்வர். உள்ளே நிகழ்வதைக் காண வழியில்லாத நிலையில், பலகையிலுள்ள ஒரு சிறு விளக்கை நிரலின் இன்ன இடத்தில் எரியச் செய்வதே பெருந்துணையாக இருந்தது. இன்றும் தொடக்க மாணவர் பலர் அவ்விளக்கையே நாடுகின்றனர்.

1975 ஆம் ஆண்டளவில் இன்ரெல் வெளியிட்ட ஐஸ்-80 என்னும் கருவி இதற்கு விடையாக வந்தது. 8080 செயலியை அதன் 40 முனைப் பொருத்தியிலிருந்து கழற்றிவிட்டு, தடித்த வடமொன்றின் முனையை அவ்விடத்தில் செருகுவர். வடத்தின் மறுமுனையிலுள்ள பெட்டி செயலியாக நடிக்கும். பலகைக்கு வேறுபாடு தெரியாது. பொறியியலாளருக்கோ செயலியின் ஒவ்வொரு அசைவும் தெரியும். ஆயினும் இக்கருவிகள் மிகுந்த விலையுடையன, பெருநிறுவனங்களே வாங்கத்தக்கன. செயலிக்குச் செயலி புதுக்கருவி வேண்டும். செயலிகளின் வேகம் கூடியபோது வடத்தின் நீளமே தடையாயிற்று. நிரலும் தரவும் சில்லின் உள்ளேயே தங்கத் தொடங்கியதும் வெளிமுனைகளில் பார்ப்பதற்கு எதுவும் எஞ்சவில்லை.

வழி வேறொரு திசையிலிருந்து வந்தது. 1980 களில் சில்லுகள் துளையிற் செருகப்படாது பலகையின் மேற்பரப்பிலேயே பற்றாசு வைத்து ஒட்டப்படலாயின. முன்பு பலகையின் கீழே ஊசிகளை நெருக்கமாக நாட்டி ஒவ்வோர் இணைப்பையும் தொட்டுச் சோதித்த ஆலையினர், இப்போது ஊசி தொட இடமின்றி நின்றனர். 1985 ஆம் ஆண்டு ஐரோப்பிய இலத்திரனியல் நிறுவனங்கள் சில இதற்கெனக் கூடி அமைத்த குழுவே, பின்னர் அமெரிக்க நிறுவனங்களும் சேர ஜேடாக் எனப் பெயர்பெற்றது. ஒவ்வொரு சில்லின் முனைகளையும் உள்ளேயே ஒரு சங்கிலியாகக் கோத்து, நான்கு கம்பிகளால் அச்சங்கிலியை வாசிக்கும் அவர்களின் முறை 1990 இல் ஐ.இ.இ.இ. 1149.1 என்னும் நியமமாயிற்று. பற்றாசு சரியாகப் பிடித்துள்ளதா என்று பார்ப்பதே அதன் நோக்கம்; நிரலாளனை அவர்கள் நினைக்கவேயில்லை எனலாம். எனினும் சில்லின் உள்ளே செல்லும் ஒரு வாயில் திறந்துவிட்டது. அவ்வாயிலின்வழிச் செயலியையும் நிறுத்தலாம், நினைவகத்தையும் வாசிக்கலாம் என்பதைச் சில்லு வடிவமைப்போர் விரைவிலேயே கண்டுகொண்டனர். 1990 களிற் பெரும் செல்வாக்குப் பெற்ற ஆம்7ரி.டி.எம்.ஐ. என்னும் செயலியின் பெயரிலேயே இது பொறிக்கப்பட்டிருக்கிறது: அதிலுள்ள 'டி' வழுநீக்க வசதியையும் 'ஐ' உள்ளமைந்த ஐஸ் சுற்றையும் குறிப்பன. முன்பு பெரும் பெட்டியாக இருந்தது சில்லின் ஒரு மூலைக்குள் ஒடுங்கிற்று. 2004 இல் அறிவிக்கப்பட்ட கோர்ரெக்ஸ்-எம்3 செயலியோடு நான்கு கம்பிகளும் இரண்டாகக் குறைந்தன.

இவ்விடத்தில், நிலைபொருளும் இயக்கியும் பிறந்த காரணத்தைச் சிறிது விரிவாக நோக்குதல் வேண்டும். தொடக்கத்தில் ஜேடாக் வாயிலைக் கணனியோடு இணைத்தது அச்சுப்பொறிக்குரிய சமாந்தரத் துறையே. விக்லர் போன்ற கருவிகள் வோற்றளவைப் பொருத்தும் ஓரிரு எளிய சில்லுகளைக் கொண்ட வடத்திற்கு மேலாக எதுவுமல்ல. கம்பியை உயர்த்துவதும் தாழ்த்துவதும் கணனியின் நிரலே. வடத்திற்கு மூளையில்லை, ஆகவே அதற்கு நோயுமில்லை. இயக்கித் தொல்லை அப்போதும் முற்றாக இல்லாமற் போகவில்லை: விண்டோஸ் என்.ரி. வழிவந்த இயங்குதளங்கள் சாதாரண நிரல்கள் துறையை நேரே தொடுவதைத் தடுத்தமையால் அனுமதி பெற்றுத்தரும் ஒரு சிறு இயக்கி வேண்டியிருந்தது. ஆயினும் மடிக்கணனிகளிலிருந்து சமாந்தரத் துறை மறைந்து, 1996 இல் வகுக்கப்பட்ட யூ.எஸ்.பி. அதன் இடத்தைப் பிடித்ததும் நிலைமை அடியோடு மாறிற்று. யூ.எஸ்.பி. ஒவ்வொரு பிற்றாகப் பேசும் கம்பியன்று. தரவைப் பொதிகளாகக் கட்டி, முழுவேக முறையில் ஒரு மில்லிசெக்கனுக்கு ஒன்றாக அமையும் சட்டங்களில் ஏற்றி அனுப்புவது. ஒரு கம்பியை உயர்த்திவிட்டு மறுகம்பியை வாசிக்க ஒவ்வொரு முறையும் ஒரு மில்லிசெக்கன் காத்திருந்தால் சிறிய நிரலொன்றைப் பதிக்கவும் நெடுநேரம் செல்லும். எனவே, 'இன்ன முகவரியில் இத்தனை சொற்களை வாசித்து வா' என்ற கட்டளையை மொத்தமாக ஏற்று, கம்பிகளைத் தானே ஆட்டவல்ல ஒரு மூளை வடத்தின் மறுமுனையில் வேண்டியதாயிற்று. ஆய்கருவி கணனியான கதை இதுவே. வேகம் வேண்டி அறிவு கொடுக்கப்பட்டது. அறிவோடு வழுவும் சேர்ந்து சென்றது.

யூ.எஸ்.பி.யோடு அடையாள எண்ணும் வந்தது. ஒவ்வொரு சாதனமும் இணைக்கப்பட்டவுடன் தன் ஆக்குநரின் எண்ணையும் தன் உற்பத்தி எண்ணையும் கணனிக்குச் சொல்லும். இரண்டும் 16 பிற் அளவின. அவ்வெண்களைக் கொண்டே விண்டோஸ் இயக்கியைத் தேர்கிறது. ஆக்குநர் எண்ணைப் பெறப் பல்லாயிரம் டொலர் செலுத்தவேண்டும் என்பதால் அது நிறுவனங்களின் உடைமையாயிற்று. 2007 இல் வெளிவந்த விண்டோஸ் விஸ்ராவின் 64 பிற் பதிப்பு, கருவகத்தில் இயங்கும் இயக்கிகள் எண்முறைக் கையொப்பம் பெற்றிருத்தல் வேண்டும் எனக் கட்டாயப்படுத்தியது. தீய நிரல்களைத் தடுப்பதற்கு அது தேவையானதே. ஆயினும் தன் கையாற் செய்த கருவிக்குத் தானே இயக்கி எழுதி இயக்கிய தனியாளின் வழி அன்றோடு பெரிதும் அடைபட்டது.

அடைபட்ட அவ்வழிக்கு மாற்று அதற்கு இரண்டாண்டுகள் முன்பே, ஒரு மாணவரின் கையால் உருவாகத் தொடங்கியிருந்தது. ஜேர்மனியின் அவுக்ஸ்பேர்க் நகரிலுள்ள பிரயோக விஞ்ஞானப் பல்கலைக்கழகத்தில் டொமினிக் றாத் 2005 ஆம் ஆண்டு தமது பட்டப்படிப்பு ஆய்வேட்டின் பகுதியாக ஆக்கிய ஓப்பின்-ஓ.சி.டி. என்னும் நிரல், பல நிறுவனங்களின் ஆய்கருவிகளோடும் பல வகைச் சில்லுகளோடும் பேசவல்லது. அதன் மூலநிரல் யாவர்க்கும் திறந்திருந்தது. பின்னர் உலகின் பல பகுதிகளிலிருந்தும் பலர் அதனைத் திருத்தி விரித்தனர். விண்டோஸில் அது பொதுவான இயக்கியொன்றின்வழியே கருவியை அணுகும்; நிறுவனத்தின் சொந்த நிரலோ நிறுவனத்தின் இயக்கியையே தேடும். ஒரு சாதனத்தின் ஒரு முகப்பை ஒரு நேரத்தில் ஓர் இயக்கியே ஆள முடியும். ஆகவே ஒன்றுக்காக இயக்கியை மாற்றினால் மற்றையது கருவியைக் காணவில்லை என்னும். நேற்றுவரை இயங்கிய கருவி இன்று இயங்காமைக்கு இதுவே மிகப் பொதுவான காரணங்களுள் ஒன்று. லினக்ஸ் இயங்குதளத்தில் இயக்கி மாற்றம் பெரும்பாலும் வேண்டியதில்லை. அங்கு தடையாவது பயனாளருக்குச் சாதனத்தைத் தொடும் உரிமை வழங்கப்படாமை. விதிக்கோப்பு ஒன்றில் அவ்விரு எண்களையும் எழுதிவிட்டால் அத்தடை நீங்கும். கில்லின் காலத்தில் தவறு நிரலில் இருந்தது. இங்கோ நிரல் யாவும் சரியாயிருந்தும் அவற்றுக்கிடையே உள்ள உடன்பாடு பிழைக்கின்றது.

தேர்ந்தோர் இதனால் அடுக்குகளைக் கீழிருந்து மேலாகச் சோதிக்கின்றனர். இலக்குப் பலகைக்கு மின் வருகிறதா, இரு பலகைகளுக்கும் பொதுவான புவித்தொடுப்பு உண்டா என்பன முதலில். அடுத்து ஆய்கருவியின் கடிகார மீடிறனைக் குறைத்துப் பார்ப்பர்; நீண்ட கம்பிகளில் விரைந்த துடிப்புகள் சிதைவதே பல 'நிலைபொருட் கோளாறு'களின் உண்மைக் காரணம். அதன்பின்னரே கணனி அவ்விரு எண்களைக் காண்கிறதா என்பதும், எந்த இயக்கி அவற்றைப் பற்றியிருக்கிறது என்பதும். நிலைபொருளைப் புதுப்பித்தல் கடைசியில் வரவேண்டியது. அனுபவமில்லாதோர் அதனையே முதலிற் செய்வர். இடையில் மின் தடைப்பட்டால் ஆய்கருவியையும் இழப்பர். இலக்குச் சில்லே தொடர்பை மறுப்பதும் உண்டு. எஸ்.ரி.எம்.32 வகைச் சில்லுகளில் வழுநீக்கக் கம்பிகள் இரண்டும் பொதுமுனைகளாகவும் பயன்படத்தக்கவை. அவற்றை நிரல் வேறு தொழிலுக்கு அமர்த்திவிட்டால் அக்கணமே வாயில் மூடும். சில்லை மீளமைப்பு நிலையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நிரல் விழிக்குமுன் உட்புகுவதே அதற்கு வழி. இது தவறுதலாக மூடிய கதவு. வேண்டுமென்றே மூடுவதும் உண்டு: அவ்வகைச் சில்லுகள் பலவற்றில் வாசிப்புத் தடையின் உச்ச நிலையை ஒருமுறை இட்டுவிட்டால் மீட்சியில்லை. தன் நிரலைப் பிறர் களவாடாதிருக்க ஆக்குநன் செய்யும் காவல் அது. அப்பொறியை விலைகொடுத்து வாங்கியவனுக்கும் பழுதுபார்ப்பவனுக்கும் அதே கதவுதான் மூடப்படுகிறது.

இவ்வுடைமைப் பூசல் முழுமையாக வெளிப்பட்டது 2014 ஆம் ஆண்டிலாகும். ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரைச் சேர்ந்த எவ்.ரி.டி.ஐ. நிறுவனத்தின் சில்லுகள் யூ.எஸ்.பி.யைத் தொடர் வரியாக மாற்றுவன. அதன் எவ்.ரி.2232 சில்லு எத்தனையோ ஆய்கருவிகளின் உயிர்நிலை. அதன் உறவான எவ்.ரி.232ஆர் நுண்கட்டுப்படுத்திகளுக்கு நிரலேற்றும் வடங்களிலும் பலகைகளிலும் எங்கும் காணப்பட்டது. இரண்டாவதன் போலிகள் பெருகின. அவ்வாண்டின் தொடக்கத்தில் அத்தகைய ஒரு போலியின் மேலுறையை அமிலத்தால் நீக்கி நுண்நோக்கியில் ஆராய்ந்தபோது, அது மூலச் சில்லின் பிரதியன்று என்பது தெரிந்தது. முற்றிலும் வேறான ஒரு நுண்கட்டுப்படுத்தி, தன்னுட் பதித்த நிரலால் மூலச் சில்லாக நடித்துக்கொண்டிருந்தது. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றே.

ஒக்ரோபர் மாதத்தில் அந்நிறுவனத்தின் புதிய இயக்கி விண்டோஸின் தன்னியக்கப் புதுப்பிப்பின் வழியே கணனிகளுட் புகுந்தது. சில்லின் நினைவகத்தில் எழுதும் ஒரு கட்டளையை அது அனுப்பும். மூலச் சில்லின் உள்ளமைப்புக் காரணமாக அக்கட்டளை அதில் எவ்விளைவையும் தராது. போலியோ அதனை அப்படியே நிறைவேற்றித் தன் உற்பத்தி எண்ணைச் சுழியமாக்கிக்கொள்ளும். சுழிய எண்ணுடைய சாதனத்தை விண்டோஸின் வழமையான இயக்கி தன்னுடையதாக ஏற்கவில்லை. மாற்றம் சில்லினுள்ளேயே பதிந்துவிட்டமையால் வேறு கணனியிற் செருகியும் பயனில்லை. தம் வடம் போலியென அறியாதோர், அறிய வழியுமில்லாதோர், தம் கருவிகள் ஒரே நாளில் ஊமையானதைக் கண்டு திகைத்தனர். எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களிலேயே அவ்வியக்கி திரும்பப் பெறப்பட்டது. 2016 இல் வந்த பதிப்பு எண்ணை மாற்றவில்லை. மாறாக, உண்மையான சாதனம் அன்று எனப் பொருள்படும் ஆங்கில வாசகத்தைத் தரவின் இடத்தில் அனுப்பிற்று.

நிறுவனத்தின் தரப்பில் நியாயமில்லை எனக் கூறமுடியாது. போலிகளின் குறைகளுக்கும் அதுவே விடைசொல்ல நேர்ந்தது. அதன் உழைப்பில் எழுந்த இயக்கியைப் போலிகள் இலவசமாகப் பயன்படுத்தின. ஆயினும் களவு செய்தவன் வேறு. தண்டனை பெற்றவன் வேறு. இயக்கி என்பது சாதனத்துக்கும் அதன் உடைமையாளனுக்கும் இடையே பேசும் மொழிபெயர்ப்பாளனாகவே கணனியினுள் அனுமதிக்கப்படுகின்றது. அது நீதிபதியாகவும் தண்டனையை நிறைவேற்றுபவனாகவும் மாறியதே இங்கு கண்டிக்கத்தக்கது. 2016 இன் செயல் முன்னையதிலும் மென்மையானது எனப் பலர் கருதினர். மறுமுனையில் இருப்பது மனிதக் கண்ணாயின் அது உண்மை. அங்கு ஓர் இயந்திரம் அத்தரவை எண்ணாக வாசித்துக்கொண்டிருந்தால் அவ்வாசகம் அதற்கு எதைக் கட்டளையிடும் என்பதை எவர் சொல்ல முடியும்?

வன்மம் ஏதுமின்றியே ஆய்கருவிகள் அழிந்த கதையும் உண்டு. இயக்கித் தொல்லையைத் தவிர்க்க எண்ணிய ஆம் நிறுவனத்தார் 2009 ஆம் ஆண்டளவில் எம்பெட் பலகையில் ஒரு தந்திரம் செய்தனர். பலகையிலுள்ள ஆய்கருவி கணனிக்குத் தன்னை ஒரு சேமிப்பு வட்டாகக் காட்டிக்கொள்ளும். நிரற்கோப்பை அவ்வட்டிற்குள் இழுத்துவிட்டாற் போதும். இலக்குச் சில்லிற் பதிந்துவிடும். வட்டுக்கு வேண்டிய இயக்கி எக்கணனியிலும் உண்டு. 2016 ஆம் ஆண்டு பிரித்தானியப் பாடசாலை மாணவர்க்கு ஏறத்தாழ 10 இலட்சம் அளவில் வழங்கப்பட்ட பி.பி.சி. மைக்கிறோ:பிற் பலகை இம்முறையாலேயே பதினொரு வயதுச் சிறுவர்க்கும் எளிதாயிற்று. ஆனால் அது வட்டன்று. வட்டென்று சொல்லப்பட்ட பொய். விண்டோஸ் 8, 10 ஆகியன அப்பொய்யை மெய்யென நம்பி, எந்த வட்டிலும் எழுதுவதுபோலத் தமது மறைகோப்புகளை அதிலும் எழுதின. பிறீஸ்கேல் நிறுவனத்தின் பலகைகள் சிலவற்றிலிருந்த பழைய தொடக்கநிரல், தன்னை நோக்கி வருவன எல்லாம் நிலைபொருளே எனக் கொண்டு குழம்பிற்று. சேதமுற்ற பலகைகள் பல. பழைய விண்டோஸ் 7 கணனியொன்றைத் தேடிச்சென்று அதிலே தொடக்கநிரலைப் புதுப்பிக்குமாறு பயனாளர்க்கு அறிவுரை கூறப்பட்டது. இங்கு எந்த அடுக்கிலும் வழு என ஒன்றைச் சுட்டுவது கடினம். விண்டோஸ் வட்டிற்குச் செய்ய வேண்டியதையே செய்தது.

பின்னர் ஆம் நிறுவனம் சி.எம்.எஸ்.ஐ.எஸ்-டாப் என்னும் பொது நெறியை வகுத்து, அதனை எவரும் எடுத்தாள விட்டது. அதன் முதற்பதிப்பில் ஆய்கருவி தன்னை விசைப்பலகை, சுட்டி ஆகியவற்றின் இனத்ததாக அறிவித்துக்கொள்ளும். இயக்கி வேண்டாம், ஆனால் முழுவேக முறையில் மில்லிசெக்கனுக்கு 64 பைற்றுக்கு மேல் செல்லாது. இரண்டாம் பதிப்பு வேகமான வழியைக் கொண்டது. விண்டோஸ் 8 முதல், சாதனமே தனக்குரிய பொது இயக்கியின் பெயரைக் கணனிக்குச் சொல்ல இயன்றதனால் அதற்கும் தனி இயக்கி தேவைப்படவில்லை. இருபதாண்டுத் தொல்லைக்கு ஓரளவு முடிவு கிடைத்தது எனலாம்.

2021 ஜனவரியில் 4 டொலர் விலையில் வெளிவந்த றாஸ்பெறி பை பிக்கோ பலகையின் வரலாறு இவையனைத்தையும் ஒரு சிறு வட்டத்துள் மீள நடத்திக் காட்டுகின்றது. ஒரு பிக்கோவில் தக்க நிலைபொருளை ஏற்றினால் அது மற்றொரு பிக்கோவை ஆராயும் கருவியாகும். முதலில் வந்த நிலைபொருள் தனக்கென ஒரு மொழி பேசிற்று. விண்டோஸில் இயக்கியை மாற்றவேண்டியிருந்தது, சிறப்பாகத் திருத்திய ஓப்பின்-ஓ.சி.டி.யும் வேண்டியிருந்தது. பின்னர் அது பொது நெறிக்கு மாற்றப்பட்டதும் இரண்டும் வேண்டாவாயின. 2023 இல் அதே சில்லைக் கொண்ட ஆய்கருவி 12 டொலருக்குத் தனியாகவும் விற்பனைக்கு வந்தது. பிக்கோவும் கணனிக்குத் தன்னை ஒரு வட்டாகவே காட்டுகிறது. ஆயினும் அதன் தொடக்கநிரல் சில்லின் அழிக்கவியலா நினைவகத்தில் வார்க்கப்பட்டுள்ளது. அது ஏற்கும் கோப்பமைப்பில் 512 பைற்றுத் துண்டு ஒவ்வொன்றும் தன் அடையாளக் குறியைத் தாங்கி வருகின்றது. குறியில்லாத மறைகோப்புகள் வந்தால் புறக்கணிக்கப்படும். அவ்வமைப்பை வகுத்தவர்கள் மைக்கிறோசொவ்ற் நிறுவனத்தாரே என்பது சுவையான செய்தி.

ஆய்கருவியாகத் தொழில்புரியும் பிக்கோவின் நிலைபொருளில் வழு இருப்பதாக ஐயம் எழுந்தால், அதன் மூலநிரலைத் திறந்து வாசிக்கலாம். அதுவும் போதாதெனின், மேசையிலுள்ள மற்றைய பிக்கோவில் அந்நிலைபொருளை ஏற்றி, அதனைக்கொண்டு முன்னையதை நிறுத்தி, கட்டளை கட்டளையாக நடத்திப் பார்க்கலாம்.